மூச்சுப் பயிற்சி புகைக்குப் பரிகாரமா?

பரந்தன் - முல்லைத்தீவு வீதியால் போய் வருபவர்களுக்கு முரசுமோட்டை என்றால் வயல்தான் நினைவுக்கு வரும். இரணைமடுத் தண்ணீரை நம்பி விளையும் வயல். காலபோக அறுவடை நாட்களில், வெட்டு இயந்திரம் ஒரு வயலை முடித்து மறு வயலுக்குத் திரும்பும் இடைவேளையில், மூடை கட்டும் இளைஞர்கள் வரம்பில் குந்தியிருந்து ஆளுக்கொரு சிகரட்டைப் பற்ற வைப்பார்கள். தலையிலும் புருவத்திலும் நெல்லுத்தூசு படிந்திருக்கும். அப்படியான ஓர் இடைவேளையில் அவர்களோடு கதைத்துக் கொண்டிருந்தபோது, இருபது வயது மதிக்கத்தக்க ஒருவரிடம், "தம்பி, இந்தத் தூசு போதாதெண்டு இதுவும் வேணுமோ?" என்று கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே பதில் சொன்னார்.

"அது பிரச்சினையில்லை அண்ணை. நான் ஒவ்வொரு நாளும் காலமை கால் மணித்தியாலம் மூச்சுப் பயிற்சி செய்யிறனான். உள்ளுக்க கிடக்கிறதெல்லாம் அதோட வெளியில வந்திடும். ஒரு நிமிசம் மூச்சை அடக்கிக்கொண்டு இருப்பன். சிகரட் பத்தாத உங்களால ஏலுமோ?"

என்னால் ஏலவில்லை. எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஆனால் வீடு திரும்பும் வழியெல்லாம் அந்தப் பதில் என் மனதை அரித்தது. அந்தத் தம்பி பொய் சொல்லவில்லை. தான் நம்புவதைத்தான் சொன்னார். அந்த நம்பிக்கையை அவருக்குக் கொடுத்ததில் நமக்கும் பங்கு உண்டு என்பதே இங்கு நான் சொல்ல விரும்பும் முதலாவது விடயம்.

மூச்சுப் பயிற்சி இன்று எங்கும் பேசப்படுகிறது. யோகாசன வகுப்பில் சொல்லித் தருகிறார்கள். கைப்பேசியில் சுவாசப்பையைச் "சுத்தம் செய்யும்" பயிற்சிகள் காட்டப்படுகின்றன. நாமும் இளைஞர் ஒன்றுகூடல்களையும் தியான முகாம்களையும் ஆழ்ந்த மூச்சோடுதான் தொடங்குகிறோம். நல்ல பழக்கம்தான். ஆனால், "இது உடலை எந்த அளவுக்குக் காக்கும், எதைக் காக்காது" என்பதை நாம் சொல்வதில்லை. சொல்லாமல் விட்ட இடத்தை இளைஞர்கள் தங்களுக்கு வசதியான விளக்கத்தால் நிரப்பிக் கொள்கிறார்கள். வகுப்பு முடிந்ததும் வெளியே மரத்தடியில் புகை எழுகிறது. பயிற்சி புகைத்தலை நிறுத்த உதவ வேண்டியது. இங்கே அது புகைத்தலுக்கு அனுமதிச் சீட்டாகி விடுகிறது.

பயிற்சி எதை வளர்க்கிறது?

மூச்சை உள்ளே இழுப்பதும் வெளியே விடுவதும் தசைகளின் வேலை. நெஞ்சறையையும் வயிற்றறையையும் பிரிக்கும் பிரிமென்றகடும் விலா எலும்புகளுக்கு இடையிலுள்ள தசைகளும் அதில் முக்கியமானவை. மண்வெட்டி பிடிக்கும் கை உரம் பெறுவது போலப் பயிற்சியால் இந்தத் தசைகளும் உரம் பெறும்.

இதற்கு நல்ல சான்று உண்டு. புதுச்சேரியிலுள்ள ஜிப்மர் மருத்துவக் கல்வி நிலையத்தில் 27 மாணவர்களுக்கு 12 வாரங்கள் யோகப் பயிற்சி அளித்து, முன்னும் பின்னும் அளந்து பார்த்தார்கள். அதன் முடிவுகள் 1992 இல் வெளியாகின. மூச்சை இழுக்கும் அழுத்தமும் வெளியே தள்ளும் அழுத்தமும் தெளிவாகக் கூடியிருந்தன. மூச்சை அடக்கி வைத்திருக்கும் நேரமும் கூடியிருந்தது. கைப்பிடியின் பலமும் கூடியிருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். அதாவது வளர்ந்தது தசையின் வலிமையும் மனதின் பொறுமையும். நமது தம்பி ஒரு நிமிடம் மூச்சை அடக்குவதன் இரகசியமும் இதுதான். அது அவருடைய பயிற்சிக்குக் கிடைத்த பலன். அவருடைய சுவாசப்பை பழுதில்லை என்பதற்கு அது அத்தாட்சி ஆகாது.

துருத்தியை மிதிப்பவன் எவ்வளவு பலசாலி ஆனாலும் குழாய் அடைபட்டிருந்தால் உலைக்குக் காற்றுப் போய்ச் சேராது. மூச்சுப் பயிற்சி மிதிப்பவனைப் பலப்படுத்துகிறது. புகை குழாயைக் கெடுக்கிறது.

புகை எதைக் கெடுக்கிறது?

நமது மூச்சுக் குழாய்களின் உட்சுவரில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய மயிர் போன்ற பிசிர்கள் உள்ளன. காற்றில் மற்றவர்களிலும் கூடிய தூசைச் சுவாசிக்கும் நமது கமக்காரருக்கு இவை கடவுள் தந்த தும்புத்தடி. சளியில் ஒட்டும் தூசையும் கிருமியையும் ஓயாமல் மேல் நோக்கித் தள்ளிக்கொண்டே இருப்பது இவற்றின் பணி. சிகரட், பீடி, சுருட்டு எதன் புகையானாலும் இந்தப் பிசிர்களை முடக்குகிறது. அதே வேளையில் சளியைப் பெருக்குகிறது. கூட்டுபவன் படுத்துவிட்டான், குப்பையோ கூடிவிட்டது. அதனால்தான் புகைப்பவருக்குக் காலையில் இருமல். நெல்லுத்தூசுக்குள் வேலை செய்பவர் புகைக்கவும் செய்தால், தூசு வருகிற நேரத்திலேயே காவலையும் நீக்கி விடுகிறார்.

அடுத்து, நுனியிலுள்ள மிகச் சிறிய குழாய்கள் அழற்சியால் தடித்துச் சுருங்குகின்றன. காற்றிலிருந்து ஒட்சிசனைக் குருதிக்குக் கொடுக்கும் சிற்றறைகளின் மெல்லிய சுவர்கள் ஆண்டுக்கணக்கில் அரிபட்டு உடைகின்றன. உடைந்த சிற்றறையை எந்த மூச்சுப் பயிற்சியாலும் மீளக் கட்ட முடியாது. இவையெல்லாம் சத்தமின்றி நடப்பவை. சுவாசப்பையில் இறைவன் நமக்குத் தாராளமாகக் கையிருப்பு வைத்திருக்கிறான். அதனால் இருபது வயதில் மூடை தூக்கலாம், பந்து விளையாடலாம், ஒன்றும் தெரியாது. தெரிய வரும்போது ஐம்பது வயது ஆகியிருக்கும். வாய்க்கால் கட்டில் ஏறவே மூச்சு வாங்கும்.

புகையோடு காபனோரொட்சைட்டு என்னும் வாயுவும் உள்ளே போகிறது. அது குருதியில் ஒட்சிசனின் இடத்தைப் பிடித்துக் கொள்கிறது. காலையில் கால் மணித்தியாலம் பயிற்சி செய்து உள்ளே கொண்டுவந்த நல்ல காற்று, பத்து மணிக்குப் பற்றவைக்கும் முதல் சிகரட்டோடு இவ்வாறு தோற்றுப் போகிறது.

வளரும் வயதில் இழப்பு இரட்டிப்பு

இளைஞர் விடயத்தில் இன்னொரு பெரிய ஆபத்து இருக்கிறது. உயரம் பதினெட்டு வயதோடு நின்றாலும் சுவாசப்பையின் ஆற்றல் இருபது வயதைத் தாண்டியும் சிறிது காலம் வளர்கிறது. பிறகு சில ஆண்டுகள் அப்படியே நிற்கும். அதன்பின் எல்லோருக்கும் மெல்ல மெல்லக் குறையும். பதினைந்து, பதினாறு வயதில் புகைக்கத் தொடங்குபவர் கட்டிக்கொண்டிருக்கும் வீட்டின் சுவரைத் தானே இடிக்கிறார்.

அமெரிக்காவின் ஆறு நகரங்களில் 10 வயது முதல் 18 வயது வரையான பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளை ஆண்டுதோறும் பரிசோதித்த ஆய்வொன்று 1996 இல் வெளிவந்தது. நாளொன்றுக்கு ஐந்து சிகரட்டுகள் அளவில் புகைத்த பிள்ளைகளிடமும் சுவாசப்பையின் வளர்ச்சி மந்தமாகியிருந்தது. பெண் பிள்ளைகளில் இந்தப் பாதிப்பு இன்னும் கூடுதலாகக் காணப்பட்டது. "ஐந்துதானே" என்பது நமது பெடியள் அடிக்கடி சொல்லும் கணக்கு. அந்த ஐந்தும் கணக்கில் வருகிறது.

வளர்ந்தவர்களின் கதையையும் அளந்திருக்கிறார்கள். ஒருவர் நெஞ்சு நிறைய மூச்செடுத்துப் பலங்கொண்ட மட்டும் ஊதும்போது, முதல் ஒரு செக்கனில் எவ்வளவு காற்று வெளியே வருகிறது என்பதைச் சுவாசமானி என்ற கருவி காட்டும். 1846 இல் ஜோன் ஹச்சின்சன் என்ற ஆங்கிலேய மருத்துவர் அறிமுகப்படுத்திய கருவியின் வழிவந்தது இது. அமெரிக்காவிலும் கனடாவிலும் சுவாசப்பைப் பாதிப்பின் ஆரம்ப நிலையில் இருந்த 5,887 புகைப்பவர்களை ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து அவதானித்தார்கள். புகைத்தலை அடியோடு விட்டவர்களின் அளவு முதல் ஆண்டில் சிறிது கூடியது. பின்னர் ஆண்டொன்றுக்குச் சராசரியாக 31 மில்லிலீற்றர் குறைந்தது. தொடர்ந்து புகைத்தவர்களுக்கு 62 மில்லிலீற்றர் குறைந்தது. சரியாக இரண்டு மடங்கு.

31 மில்லிலீற்றர் என்பது மேசைக்கரண்டி இரண்டளவுதான். ஆனால் இதே வேகத்தில் முப்பது ஆண்டுகள் போனால் வித்தியாசம் 930 மில்லிலீற்றர். ஏறத்தாழ ஒரு லீற்றர். திடகாத்திரமான இளைஞன் ஒருவன் முதல் செக்கனில் ஊதுவதே மூன்று, மூன்றரை லீற்றர்தான். அதில் ஒரு லீற்றரை இழந்தவர் வயல் வேலை செய்து பிள்ளைகளை வளர்ப்பது எப்படி?

இருந்தும் இந்தக் கதையில் பெரிய நற்செய்தி ஒன்று இருக்கிறது. பிரித்தானிய மருத்துவர்களை 1951 முதல் ஐம்பது ஆண்டுகள் தொடர்ந்த ஆய்வு 2004 இல் கூறிய முடிவு இது: வாழ்நாள் முழுதும் புகைத்தவர்கள், புகைக்காதவர்களை விடச் சராசரியாகப் பத்து ஆண்டுகள் முந்தியே இறந்தார்கள். ஐம்பது வயதில் விட்டவர்கள் அதில் ஆறு ஆண்டுகளை மீட்டார்கள். முப்பது வயதளவில் விட்டவர்கள் ஏறக்குறையப் பத்து ஆண்டுகளையும் மீட்டார்கள். இருபது வயதுத் தம்பிக்கு இன்னமும் முழுக் கதவும் திறந்தே இருக்கிறது. அந்தக் கதவு திறந்திருப்பது விடுபவருக்காக. பயிற்சியும் செய்து புகைத்தும் கொண்டு இருப்பவருக்கு அப்படி ஒரு கதவு இருப்பதாக எந்த ஆய்வும் காட்டவில்லை.

அப்படியானால் பயிற்சியை விடுவதா?

வேண்டாம். அதைச் சரியான இடத்தில் வைப்போம் என்பதே எனது கருத்து.

புகைப்பவர் ஒருவரை உற்றுப் பாருங்கள். ஒரு சிகரட்டுக்கு எத்தனை தடவை ஆழமாக இழுத்து, சற்று நிறுத்தி, மெதுவாக விடுகிறார்! "இதைப் பத்தினால்தான் மனம் ஆறுது" என்கிறார். அந்த ஆறுதலில் ஒரு பகுதி நிக்கொட்டின் தருவது. அதுவும் முந்திய சிகரட்டின் நிக்கொட்டின் இறங்கியதால் வந்த பதகளிப்பை அடுத்த சிகரட் தணிப்பதுதான். கடனை அடைக்கக் கடன் வாங்குவது போல. இன்னொரு பகுதி ஆழ்ந்து விடும் அந்த மூச்சே தருவது. புகையை விட்டுவிட்டு மூச்சை மாத்திரம் வைத்துக் கொண்டால் என்ன?

2004 இல் அமெரிக்காவில் வெளியான சிறிய ஆய்வொன்று இதைச் சோதித்தது. சில மணி நேரம் சிகரட் இல்லாமல் இருந்தவர்கள், இடையிடையே ஆழ்ந்த மூச்செடுத்து மெதுவாக விட்டபோது, புகைக்கும் ஆசையும் எரிச்சலும் பதற்றமும் தணிந்தன. சிகரட்டைத் தேடும் அவா ஒவ்வொரு முறையும் சில நிமிடங்களே உச்சத்தில் நிற்கும். அந்தச் சில நிமிடங்களைக் கடக்க ஒரு தோணி வேண்டும். மூச்சுப் பயிற்சி அந்தத் தோணியாகலாம். அக்கரைக்குப் போகப் புறப்படாதவனுக்குத் தோணியால் என்ன பயன்?

செய்முறை எளிது. நிமிர்ந்து இருந்து, மூக்கால் மெதுவாக வயிறு உயர மூச்செடுங்கள். உதட்டைக் குவித்து, விளக்கை அணைக்காமல் அதன் சுடரை அசைப்பது போல, எடுத்த நேரத்தின் இரு மடங்கு நேரத்தில் விடுங்கள். பத்துத் தடவை போதும். தலை சுற்றினால் நிறுத்துங்கள். நெல்லுத்தூசு பறக்கும் இடத்திலும் வைக்கோல் எரியும் இடத்திலும் மருந்து அடிக்கும் வயலருகிலும் செய்ய வேண்டாம்.

நாற்பது நாள்

சிகரட்டை விட்டால் முதல் சில நாட்கள் கடுமை. எரிச்சல், நித்திரையின்மை, பசி, தலையிடி எல்லாம் வரலாம். முதல் வாரத்தில் உச்சம் அடைந்து, இரண்டு முதல் நான்கு வாரங்களுக்குள் பெரும்பாலும் தணிந்துவிடும். குருதியிலுள்ள காபனோரொட்சைட்டு ஓரிரு நாளில் நீங்கும். முடங்கிக் கிடந்த பிசிர்கள் எழுந்து வேலை தொடங்குவதால் சிலருக்கு இருமல் கொஞ்சக் காலம் கூடவும் கூடும். "விட்டதால்தான் இருமல் வந்தது" என்று பயந்து பலர் மீண்டும் பற்ற வைப்பது இந்த இடத்தில்தான்.

நான்கு வாரத்துக்குச் சற்றுக் கூடிய காலம். நமக்குப் பழக்கமான ஒரு காலம் அல்லவா? தவக்காலம் நாற்பது நாள். அது நமது வயல்களில் காலபோக அறுவடையும் சூடடிப்பும் நடக்கும் நாட்களை ஒட்டியே வருகிறது. தூசும் கூலிக் காசும் ஒருங்கே வரும் காலம். இறைச்சியைத் தவிர்க்கும் நாம், இம்முறை இளைஞர்களோடு சேர்ந்து புகையை விடும் தவமாக அதை ஏன் அமைக்கக் கூடாது? நமது ஊரில் பெரும்பாலோர் சைவ மக்கள். மாலை போட்டு ஐயப்ப விரதம் இருக்கும் நாட்களில் சிகரட்டைத் தொடாத இளைஞர்களை நாம் காண்கிறோம். அவர்களால் முடிகிறது. விரதம் முடிந்த மறுநாளே மீண்டும் தொடங்காதிருக்கத் துணை நிற்பதே வேண்டியது. கோவிலும் ஆலயமும் இந்த ஒன்றில் கைகோர்ப்பதற்குத் தடை எதுவும் இல்லை.

தனியே விடுவது கடினம். ஐந்து பேராக ஒரே நாளில் விடட்டும். மாலையில் ஒன்றுகூடிப் பத்து நிமிடம் மூச்சுப் பயிற்சி, பின் பந்து. தவறி ஒன்றைப் பற்ற வைத்தவரை ஏசாமல், மறுநாள் மீண்டும் சேர்த்துக் கொள்ளட்டும். மிச்சப்பட்ட காசை ஓர் உண்டியலில் போட்டு எண்ணட்டும். பேர்போன சிகரட் ஒன்றின் விலை இன்று நூறு ரூபாவைத் தாண்டிவிட்டது. நாளுக்கு ஐந்து என்றால் மாதம் பதினையாயிரத்துக்கு மேல். நாட்கூலிக்குப் போகும் வீட்டில் அது பிள்ளையின் பால்மாவும் பாடசாலைச் சப்பாத்தும்.

ஊரின் கடமை

இளைஞர்களுக்கு மட்டும் புத்தி சொல்லிவிட்டுப் பெரியவர்கள் தப்பிக்க முடியாது. 2015 இல் வெளியான அரசின் ஆய்வுப்படி, நமது நாட்டில் 18 முதல் 69 வயது வரையான ஆண்களில் நூற்றுக்கு 29 பேர் புகைத்தார்கள். பெண்களில் ஆயிரத்துக்கு ஒருவர்தான். அதாவது இது ஆண்கள் ஆண்களிடமிருந்து பழகும் பழக்கம். மகன் தகப்பனிடமும் மாமனிடமும் கண்டு பழகுகிறான். செத்த வீட்டில் வெற்றிலைத் தட்டோடு பீடியையும் சுருட்டையும் வைப்பது யார்? வயலில் வேலையாட்களுக்குத் தேநீரோடு சிகரட்டை நீட்டுவது யார்? கடைக்குப் போய் "ஒரு சிகரட் வாங்கி வா" என்று பத்து வயதுப் பிள்ளையை அனுப்புவது யார்?

2006 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டப்படி 21 வயதுக்குக் குறைந்தவருக்குப் புகையிலைப் பொருள் விற்பது குற்றம். சிகரட் பெட்டியின் எண்பது வீத இடத்தில் எச்சரிக்கைப் படம் இருக்க வேண்டும் என்ற விதியும் 2015 முதல் நடைமுறையில் உள்ளது. ஆனால் கிராமத்துக் கடையில் ஒற்றையாக வாங்குபவர் அந்தப் பெட்டியையே காண்பதில்லை. சட்டம் கொழும்பில் இயற்றப்பட்டாலும் அது வாழ்வதும் சாவதும் நமது கடைப் படிக்கட்டில்தான். கிராம அபிவிருத்திச் சங்கமும் மாதர் சங்கமும் கடைக்காரரோடு பகையின்றிப் பேசலாம். அவரும் நமது பிள்ளைகளின் மாமன்தானே.

இன்னுமொன்று. இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கும் இருமலை "சிகரட் இருமல்" என்று விட்டுவிட வேண்டாம். புகைப்பவர்களுக்குக் காசநோய் பிடிக்கும் வாய்ப்பு அதிகம். வைத்தியசாலைக்குச் சென்று சளியைப் பரிசோதிக்க வேண்டும். மூச்சுப் பயிற்சியால் அதைப் போக்கலாம் என்று நாள் கடத்துவது தனக்கும் வீட்டாருக்கும் செய்யும் கேடு.

இந்த இளைஞர்களை நான் குறை சொல்ல விரும்பவில்லை. 2009 இன் தொடக்கத்தில் இதே வீதியால் கிழக்கு நோக்கி நகர்ந்த சனத்தின் கைகளில் குழந்தைகளாக இருந்தவர்கள் இவர்கள். வெடிமருந்துப் புகைக்கும் தறப்பாள் கொட்டிலின் அடுப்புப் புகைக்கும் நடுவே முதல் மூச்சுக்களை எடுத்தவர்கள். திரும்பி வந்த காணியைப் பெற்றோரோடு நின்று துப்புரவாக்கியவர்கள். அவர்களுடைய மனப்பாரம் எனக்குத் தெரியும். அதனால்தான் கேட்கிறேன்: அத்தனை புகையையும் தாண்டிக் காப்பாற்றிய மூச்சை, காசு கொடுத்து வாங்கும் புகைக்கு ஏன் கொடுக்க வேண்டும்?

மண்ணால் ஆன மனிதனின் நாசியில் இறைவன் தன் உயிர்மூச்சை ஊதினார் என்று தொடக்க நூல் சொல்கிறது. மூச்சு நமது சொத்தல்ல, நம்மிடம் ஒப்படைக்கப்பட்டது. ஆகவே இளைஞர் வழிகாட்டிகளிடமும் யோகாசன ஆசிரியர்களிடமும் ஒரு வேண்டுகோள்: அடுத்த வகுப்பைத் தொடங்கும் முன்னர் ஒரே ஒரு வாக்கியத்தைச் சேர்த்துச் சொல்லுங்கள். "இந்தப் பயிற்சி புகையைக் கழுவாது, புகையை விட உதவும்."

வரம்பில் சந்தித்த தம்பிக்கும் ஒரு வார்த்தை. ஒரு நிமிடம் மூச்சை அடக்கும் மன உறுதி உங்களிடம் இருக்கிறது. அது என்னிடம் இல்லாத பெரிய வரம். அவா எழும் அந்தச் சில நிமிடங்களுக்கு அதையே பயன்படுத்திப் பாருங்கள். அடுத்த அறுவடைக்கு நானும் பயிற்சி எடுத்துக்கொண்டு வருகிறேன். அதே வரம்பில், புகையில்லாமல், மீண்டும் போட்டி வைப்போம்.